உப்புநீரும் கரிக்கனலும்

பெரிய பன்றியிறைச்சித் துண்டு ஒன்றை உப்புநீரில் ஊறவைத்துக் கரிக்கனலில் சுட்டு எடுக்கும் முறையைப் பற்றி இன்று பேச விழைகிறோம். நேயர்கள் அனைவரும் இவ்வுணவை உண்பவர் அல்லர் என்பதை அறிவோம். சமயத்தாலோ, வீட்டு வழக்கத்தாலோ, மனத்துக்கு ஒவ்வாமையாலோ இதனை விலக்கியவர் பலர் உளர். அவர்களும் இப்பேச்சைச் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறோம். அண்டை வீட்டு அடுப்பில் இவ்விறைச்சி சரியாக வெந்ததா என்பது அவர்களுடைய உடல்நலத்தையும் தொடுகின்ற செய்தி. அதனைப் பின்னர் விளக்குவோம்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் உதியன்குளங்கரை, செங்கல், பாறசாலை முதலிய ஊர்கள் வருகின்றன. பாறசாலையைத் தாண்டியதும் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. நேயர்களாகிய நீங்கள் பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டுப் போய் வெளிமாநிலத் தமிழர் ஆனீர்கள். எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பங்களோ வீட்டு வாயிலைக் கடக்காமலேயே வெளிமாநிலத் தமிழர் ஆயின. கோடு எங்கே விழுந்தாலும் அடுக்களை மாறவில்லை. இப்புறத்திலும் அப்புறத்திலும் அதே மரச்சீனிக் கிழங்கு, அதே நல்லமிளகு, அதே கருப்பட்டி, அதே சிரட்டைக் கனல்.

இவ்வூர்களில் கிறித்தவர் மிகுதி. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கம் பாறசாலையில் ஒரு பணித்தலம் நிறுவியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் இப்பகுதியில் வேரூன்றியது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களில் பன்றிக்கறி சமைக்கும் வீடுகள் இங்கு உண்டு. சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பன்றியை வாங்கிப் பங்கிட்டுக் கொள்வதும் வழக்கம். பங்கு வீட்டுக்கு வந்ததும் இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். மல்லி, நல்லமிளகு, மஞ்சள் முதலியன கூட்டித் தேங்காய்க் கொத்தோடு வேகவைத்து, நீர் வற்றி நெய் பிரியும்வரை உலர்த்தி எடுப்பார்கள். அவித்த மரச்சீனி அதற்குத் துணை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்கைப் பரப்புவதில் மிகுந்த அக்கறை காட்டினார் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம்.

அவ்வீடுகளில் பெரிய துண்டைச் சமைக்கும் வழக்கம் ஏன் ஏற்படவில்லை? விடை எளிது. அறுத்த அன்றே சமைத்து முடிக்க வேண்டிய வெப்பநாடு நம்முடையது. முழுத் தொடையை ஓர் இரவு வைத்திருந்தால் கெட்டுப்போகும். எஞ்சியதைக் காக்க வேண்டுமென்றால் அதனையும் மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பிட்டு, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் ஆக்கினார்கள். ஆக, உப்பின் ஆற்றலை நம்மவர் நன்கு அறிந்திருந்தனர். உப்பு மெல்ல வேலை செய்ய வேண்டிய அந்த ஒரு நாள் முழுவதும் இறைச்சியைக் குளிர்ச்சியில் வைக்கும் வசதிதான் அன்று இல்லை. இன்று பெரும்பாலோர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. ஆதலால் பெரிய துண்டும் நமக்கு எட்டும் பொருளாகிவிட்டது.

இறைச்சியைக் கனலில் சுடுவதும் தமிழருக்குப் புதிதன்று. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பொருநர் சூடு தாளாமல் வாயின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் மாற்றி மாற்றி ஒற்றி உண்ட காட்சி வருகிறது. பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் இன்னும் நுட்பமான செய்தி ஒன்றைத் தருகிறார். ஆண் பன்றியைப் பெண் பன்றிகளோடு கூடவிடாமல் பல நாள் குழியில் நிறுத்தி, மாவூட்டிக் கொழுக்க வளர்த்த முறையை அவர் குறிப்பிடுகிறார். நல்ல தீனி தந்து அடைத்து வளர்த்த விலங்கின் இறைச்சியே சிறந்தது என்பதை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் உணர்ந்திருந்தனர். இக்கருத்தும் பின்னர் நமக்குப் பயன்படும்.

இனி முறைக்கு வருவோம். பெரிய துண்டைச் சமைப்பவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய நியதி ஒன்று உண்டு. உப்பும் சூடும் வெளியிலிருந்து உள்ளே செல்பவை. இரண்டும் ஒரே கணக்கில் செல்பவை. துண்டின் தடிப்பு இரு மடங்கானால் அவை நடுவை அடைய ஆகும் நேரம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஒரு விரற்கடைத் தடிப்புள்ள துண்டில் உப்பு ஒரு மணி நேரத்தில் பரவுவதாக வைத்துக்கொண்டால், நான்கு விரற்கடைத் தடிப்புள்ள துண்டில் பரவப் பதினாறு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு உப்பைக் கூட்டினால் மேற்பகுதி கரிக்கும். நடுப்பகுதி சப்பென்று கிடக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேற்பகுதி கருகும். நடுப்பகுதி பச்சையாக இருக்கும். சிறு துண்டுகளைச் சமைத்துப் பழகிய கை பெரிய துண்டில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உப்புநீர் இறைச்சிக்குச் செய்யும் நன்மை யாது? சுவை சேர்ப்பது ஒன்று. அதனினும் பெரிது, நீரைப் பிடித்து வைப்பது. தசைநார்களில் உள்ள புரதங்களில் ஒரு பகுதியை உப்பு இளக்குகிறது. இளகிய புரதம் நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. சூடு ஏறும்போது நார்கள் சுருங்கினாலும் அந்நீர் முழுதும் வெளியேறுவதில்லை. ஊறிய துண்டை நிறுத்துப் பார்த்தால் ஊறுவதற்கு முன் இருந்ததைவிட எடை சற்றுக் கூடியிருப்பதைக் காணலாம். கொழுப்புக் குறைந்த தொடைப்பகுதியும் முதுகுப்பகுதியும் கனலில் எளிதில் வறண்டுபோகும் தன்மையுடையவை. உப்புநீரின் அருமை அவற்றில் நன்கு விளங்கும். தோட்பகுதியில் கொழுப்பும் சவ்வும் மிகுதி. அச்சவ்வு கரைந்து மென்மையாக இன்னும் நெடுநேரம் வேண்டும்.

எலும்பு நீக்கிய தொடைத்துண்டு மூன்று கிலோ எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு லிட்டர் நீர், 240 கிராம் உப்பு, 120 கிராம் கருப்பட்டி. லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்பதை நினைவில் வைத்தால் போதும். உப்பைக் கரண்டியால் அளக்க வேண்டா. தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். கல்லுப்பும் பொடியுப்பும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை காட்டும். ஒரு லிட்டர் நீரில் உப்பு, தூளாக்கிய கருப்பட்டி, நசுக்கிய நல்லமிளகு, பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை இட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுக. எஞ்சிய மூன்று லிட்டர் குளிர்ந்த நீரை அதனோடு சேர்த்து நன்றாக ஆறவிடுக. வெதுவெதுப்பான உப்புநீரில் இறைச்சியை இடுவது பெருந்தவறு. நீர் குளிர்ந்த பின்னரே இறைச்சி அதனுள் செல்ல வேண்டும். பழைய ஆங்கிலச் சமையல் நூல்களைப் பார்த்து வெடியுப்புச் சேர்க்க எண்ணுவோர் உண்டு. அது நெடுநாள் வைத்திருக்கும் பதனிட்ட இறைச்சிக்கு உரியது. அதன் அளவு தவறினால் தீங்கு விளையும். மறுநாளே சமைத்து உண்ணப்போகும் துண்டுக்கு அது தேவையில்லை.

பாத்திரம் துருவேறா எஃகாகவோ, கண்ணாடியாகவோ, எங்கள் ஊரில் ஊறுகாய் இடும் பீங்கான் பரணியாகவோ இருக்கலாம். அலுமினியமும் செம்பும் உப்போடு ஒத்துப்போகா. இறைச்சி முழுதும் நீருள் அமிழ்ந்திருக்குமாறு மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, பாத்திரத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். பெட்டியின் வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்குக் கீழே இருத்தல் அவசியம். தில்லியிலோ சண்டிகரிலோ வாழும் நேயர்கள் மார்கழிக் குளிரை நம்பிப் பாத்திரத்தை மாடத்தில் வைத்துவிட எண்ணக்கூடும். அது தகாது. இரவில் குளிர்ந்த காற்று பகலில் சூடேறும். லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் அளவு அன்று. பெட்டியில் இடம் போதாதென்றால் துண்டைச் சிறிதாக்குங்கள், குளிர்ச்சியைக் குறைக்காதீர்கள்.

ஒரு நாள் கழித்து இறைச்சியை எடுத்து உப்புநீரைக் கொட்டிவிடுக. அதனை மறுபடியும் பயன்படுத்தலாகாது. துண்டின் மேற்புறத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மூடாமல் சில மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியிலேயே உலரவிட வேண்டும். ஈரம் உள்ள பரப்பு முதலில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உலர்ந்த பரப்புதான் சிவந்து மணம் கொள்ளும். பின்னர் நல்லமிளகுத் தூள், மல்லித்தூள், மஞ்சள், இடித்த பூண்டு ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் குழைத்துப் பூசலாம். இக்கலவையில் உப்புச் சேர்க்க வேண்டா. இரத்த அழுத்தம் உடையோர் வீட்டில் இருந்தால் உடன் பரிமாறும் குழம்பிலும் உப்பைக் குறைத்துவிடுவது நலம்.

கனல் மூட்டுவதற்குச் சிரட்டைக் கரியினும் ஏற்றது அரிது. அது புகை குறைந்து, சூடு மிகுந்து எரியும். வெளிமாநில நகரங்களில் அது கிட்டாதபோது நல்ல மரக்கரி போதும். கரி முழுதும் பற்றி, மேலே வெண்சாம்பல் படர்ந்த பிறகே இறைச்சியை வைக்க வேண்டும். கனலை அடுப்பின் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு மறுபுறத்தை வெறுமையாக விடுக. இறைச்சி கம்பித் தட்டியின்மேல் கனல் இல்லாத புறத்தில் இருக்க வேண்டும். அதன் அடியில் கொழுப்புச் சொட்டுவதற்கு ஒரு தட்டு. மேலே மூடியோ, கவிழ்த்த பெரிய பாத்திரமோ வேண்டும். இப்படிச் செய்தால் சூடு நாற்புறமும் சூழ்ந்து மெல்ல உட்செல்லும். கனலுக்கு நேர் மேலே வைத்தால் சொட்டும் கொழுப்பு தீப்பற்றி மேற்புறம் கரியாகிவிடும். அரைமணிக்கு ஒருமுறை திருப்பி, தேவையானபோது கரி சேர்த்துவர வேண்டும். மூன்று கிலோ துண்டுக்கு மிதமான கனலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். கருப்பட்டிப் பாகு தடவி மினுக்க விரும்புவோர் இறுதிக் கால்மணியில் தடவுக. முன்னரே தடவினால் கருகிக் கசக்கும்.

வெந்துவிட்டதா என்பதை மேற்புறத்தின் நிறம் சொல்லாது. கடிகாரமும் உறுதியாகச் சொல்லாது. இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நன்று. அதன் முனை துண்டின் நட்டநடுவில் நிற்க வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை 2011ஆம் ஆண்டில் முழுத்துண்டான பன்றியிறைச்சிக்கு 63 பாகை செல்சியஸும், அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அறிவித்தது. அதற்கு முன் அத்துறை கூறிவந்தது 71 பாகை. அங்கே விலங்குகள் அடைத்து வளர்க்கப்பட்டுச் சோதனைக்கு உட்பட்டவை. நம் சந்தைகளில் எல்லா இறைச்சியும் அவ்வாறு வருவதில்லை. ஆதலால் 71 பாகை என்னும் பழைய அளவையே நாம் கைக்கொள்ள வேண்டும். தோட்பகுதியாயின் அதன் சவ்வு கரைய 90 பாகைவரை பொறுமையாக விட வேண்டும். உப்புநீரில் ஊறிய துண்டு 71 பாகையிலும் வறண்டுபோகாது. அச்சமின்றி முழுதும் வேகவைக்க இடம் தருவது உப்புநீர் செய்யும் மற்றொரு உதவியாகும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் விலக்கி வைத்த செய்தி இதுவே. பன்றியிறைச்சியில் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம் அரிசிமணி போன்ற வெண்கொப்புளமாகத் தங்கியிருக்கக்கூடும். அத்தகைய இறைச்சியை அரைவேக்காட்டில் உண்டவரின் குடலில் அது நீண்ட நாடாப்புழுவாக வளர்கிறது. அவருக்குப் பெருந்துன்பம் தோன்றாமலும் இருக்கலாம். ஆனால் அவர் கழிக்கும் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறுகின்றன. கழுவாத கைகள் வழியாகவும், மாசடைந்த நீர், காய்கறிகள் வழியாகவும் அம்முட்டைகள் மற்றவர் வயிற்றை அடைந்தால், இளம்புழு இரத்தத்தோடு சென்று மூளையில் தங்கி வலிப்பு நோயை உண்டாக்குகிறது. பன்றிக்கறி உண்டவருக்கே மூளையில் புழு வரும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வாழ்நாளில் இறைச்சியே தொடாத ஒருவருக்கும் அது வரலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணம் எனக் கண்டனர்.

ஆகவே பன்றியிறைச்சியை நன்றாக வேகவைத்தல் சுவையைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. உண்ணாத அயலாருக்கு உண்பவர் செய்யும் கடமையும் ஆகும். ஒரு நாள் உப்புநீர் அப்புழுவைக் கொல்லும் என்று நம்பலாகாது. அதனைக் கொல்வது நடுப்பகுதிவரை எட்டிய சூடே. நறுக்கும்போது வெண்கொப்புளங்கள் தென்பட்டால் அவ்விறைச்சியை விலக்கிவிட வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் காய்கறி நறுக்கலாகாது. மலம் கழித்த பின்னும் உண்ணும் முன்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் எல்லாருக்கும் பொது. தெருவில் திரிந்து கழிவை உண்ணும் பன்றியின் இறைச்சியை வாங்காமல், அடைத்துத் தீனியிட்டு வளர்க்கும் பண்ணை இறைச்சியை வாங்குவதே முறை. உருத்திரங்கண்ணனார் காட்டிய குழியில் வளர்த்த பன்றியை இங்கே நினைவுகூர்க.

மற்றுமொரு செய்தி பயணம் செய்வோருக்கு உரியது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் நோய் 2020ஆம் ஆண்டில் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வயநாட்டிலும் தோன்றியது. அது மனிதரைத் தொற்றாது. பன்றிகளையோ பெருமளவில் மடியச் செய்யும். அந்நோய்க்கிருமி பச்சை இறைச்சியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் நெடுநாள் உயிரோடிருக்கும். வடகிழக்கு மாநிலங்களில் பணியாற்றும் நேயர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது இறைச்சியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருதல் வேண்டா. எஞ்சிய துண்டுகளைப் பன்றிகள் மேயும் இடத்தில் எறியவும் கூடாது. ஒரு பொட்டலம் ஒரு சிற்றூரின் வாழ்வாதாரத்தையே அழித்துவிடக் கூடும்.

கனலிலிருந்து எடுத்த துண்டை உடனே வெட்டாமல் இருபது நிமிடம் ஆறவிடுக. நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லிதாக அரிந்தால் முதியோரும் எளிதாக மெல்லலாம். எஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மரச்சீனி கிட்டும் ஊரில் அதனை அவித்து, காந்தாரி மிளகாயும் சிறு உள்ளியும் உப்பும் இடித்த துவையலோடு பரிமாறுக. குடகில் வாழும் நேயர்கள் அங்குள்ள கச்சம்புளியைச் சில துளி சேர்த்துப் பார்க்கலாம். குடகர் தம் பன்றிக்கறிக்குப் புளிப்பூட்டும் அது, எங்கள் ஊர்க் குடம்புளி மரத்தின் கனியிலிருந்தே காய்ச்சி எடுக்கப்படுவது. கோவாவில் இருப்பவர்க்குத் தென்னங்கள்ளிலிருந்து எடுத்த காடி கிட்டும். பெயர் மாறினாலும் பொருள் நமக்கு அயலன்று.

வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு ஒரு சொல். மாடியில் கனல் மூட்டுமுன் வீட்டு உரிமையாளரிடமும் அடுத்த வீட்டாரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வுணவை விலக்கியவர் அருகில் இருந்தால் அவர்கள் நோன்பு நாளையும் வழிபாட்டு நாளையும் தவிர்த்து வேறு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். மூடிய அறைக்குள் கரிக்கனல் வைப்பது உயிருக்கே இடர் என்பதையும் மறவாதீர்கள். மூன்று கிலோ இறைச்சி ஒரு சிறு குடும்பத்துக்கு மிகுதி. தனித்து வாழும் இளைஞர்களையும், பண்டிகைக்கு ஊர் செல்ல விடுமுறை கிட்டாத நண்பர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் உப்புநீர் கரைக்கும்போதே விருந்தினரை எண்ணி அழைத்துவிடலாம். அதற்குப் போதிய காலத்தை இம்முறையே உங்களுக்குத் தந்துவிடுகிறது.

லிட்டருக்கு 60 கிராம் உப்பு; 5 பாகைக்குக் கீழ் ஒரு நாள்; ஒதுக்கிய கனலில் மூன்று மணி நேரம்; நடுவில் 71 பாகை. இந்நான்கையும் குறித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கும் வாழும் தமிழ் நேயர்கள் நலத்தோடு உண்டு, அயலாரோடு இணங்கி வாழ்க.